பெயரிலேயே காரணம் இருந்தது: யார் இந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ்?

1930களின் தொடக்கம். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட், அதாவது இன்றைய கானா. ஒன்றிலிருந்து நான்கு வயதுக் குழந்தைகளுக்குக் கை, கால் வீங்குது, தோல் உரியுது. பலர் இறந்தும் போறாங்க. என்ன நோய்?

ஜமைக்காவில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்த குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், உள்ளூர்ப் பெண்களிடமே கேட்டார். கா மொழியில் அவர்கள் சொன்ன பெயர் ‘குவாஷியோர்கர்’. அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்று அர்த்தம். தாய்ப்பால் நின்றதும் சத்து குறைந்த மக்காச்சோளக் கஞ்சிதான் உணவு. காரணம் பெயரிலேயே இருந்தது! அதே பெயரை 1935இல் மருத்துவ இதழில் பதிவு செய்தார்.

பிறகு மலாயா, சிங்கப்பூர். அங்கே நர்ஸ் போல உடை போட்ட விற்பனைப் பெண்கள், இனிப்பு கண்டென்ஸ்டு மில்க்கைத் தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்றார்கள். அதை எதிர்த்து 1939இல் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் சிங்கப்பூரிலேயே பேசினார். 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய்-சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார்.

இப்போ நமக்கு என்ன?

குழந்தைகளுக்கான பால் பவுடர் விளம்பரத்தை இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனா அன்று வீட்டு வாசலுக்கு வந்த விற்பனை, இன்று போன் வழியாகவும் வரலாம். பவுடர் பால் தேவைப்படும் அம்மாக்களைக் குறை சொல்லவே கூடாது. ஆனா அது தேவையா என்பதை டாக்டர் சொல்லணும், விளம்பரம் இல்லை. அந்த டாக்டரும் முதல்ல அம்மா சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கணும்.