புயலுக்கு மறுநாள் கடை திறப்பவர் யார்?

1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது எனக்குப் பத்து வயது. காத்தான்குடியில் வாப்பாவுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. விடிந்ததும் வாப்பாவோடு நானும் போய்ப் பார்த்தேன். கூரைத் தகரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சீனி மூட்டைகள் கரைந்து, நிலமெல்லாம் பாணியாக ஓடிக் கிடந்தது. வாப்பா அதையெல்லாம் பார்க்கவில்லை. அவர் தேடியது கடன் கொப்பியை. கிடைத்தது, ஆனால் மை ஊறிப் பக்கங்கள் முழுக்க நீலமாகியிருந்தன. அதன் பிறகு, தாமாக வந்து "காக்கா, நான் இவ்வளவு தர வேணும்" என்று சொன்னவர்களின் கணக்கைத்தான் வாப்பா புதுக் கொப்பியில் எழுதினார். பலர் வந்தார்கள். வராதவர்களும் இருந்தார்கள். தென்னந்தோட்டங்கள் சரிந்துபோன அந்த வருடத்தில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியதைக் கட்டி முடிக்க எமக்கு நான்கு வருடங்கள் சென்றன.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது, கிழக்கில் இருக்கும் நாம் காற்றை எதிர்பார்த்துக் கதவுகளைக் கட்டினோம். பேரழிவோ மலைநாட்டில் மழையாகவும் மண்சரிவாகவும் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கம்பளையில் எனது மச்சான் ஒருவருக்குக் கடை உண்டு. அவர் கவனமான மனிதர். மூட்டைகளைப் பலகை அடுக்கி இடுப்பளவு உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தார். மகாவலித் தண்ணீர் அதற்கும் மேலால் போனது. அவருடைய கணக்கு முழுவதும் கைத்தொலைபேசியில் இருந்தது. கணக்கு அழியவில்லை, ஆனால் மின்சாரமும் சிக்னலும் இல்லாத நாட்களில் அதைத் திறந்து பார்க்கவும் முடியவில்லை. வாப்பாவின் கொப்பியைத் தண்ணீர் கொண்டுபோனது, மச்சானின் கொப்பியை இருட்டு பூட்டி வைத்தது. ஆகவே இரண்டும் வேண்டும் என்பதே எனது கருத்து. எச்சரிக்கை வந்த அன்றே நிலுவைகளை ஒரு தாளில் எழுதி, பொலித்தீனில் சுற்றி, வேறு ஊரில் உள்ள உறவினர் ஒருவரிடம் பிரதி ஒன்றைக் கொடுத்து வையுங்கள். வியாபாரப் பதிவுப் பத்திரம், உறுதி, காப்புறுதிப் பத்திரம் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

காப்புறுதி என்றதும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். எம்மில் பலர் வைத்திருப்பது தீக்காப்புறுதி. சூறாவளியும் வெள்ளமும் பெரும்பாலும் மேலதிகக் கட்டணம் செலுத்தித் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியவை. தக்காபுல் எடுத்தவர்களும் பத்திரத்தை ஒரு தடவை வாசித்துப் பார்ப்பது நல்லது. எச்சரிக்கை வந்த பிறகு போய்க் கேட்டால் யாரும் சேர்த்துத் தரப்போவதில்லை. கடையில் இருந்த சரக்கை நிரூபிக்கத் திகதி தெரியும்படி எடுத்த நாலு புகைப்படங்கள் உதவும், ஆனால் அவை புயலுக்கு முன் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

பின்திகதியிட்ட காசோலைகள் அடுத்த தலையிடி. புறக்கோட்டைக்குக் கொடுத்த காசோலை வங்கிக்குப் போகும் நாளில் உங்கள் கடை தண்ணீரில் நிற்கலாம். திரும்பிய பிறகு காரணம் சொல்வதைவிட, புயல் வரும் முன்னரே தொலைபேசியில் பேசி இரண்டு வாரம் பொறுக்கச் சொல்வது மரியாதையானது. கொழும்பு முதலாளிமாரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். கம்பளையிலோ மூதூரிலோ ஒரு கடை எழும்பாமல் போனால் நட்டம் அவர்களுக்கும்தான்.

இவையெல்லாம் ஒவ்வொருவரும் தத்தமது கடைக்குச் செய்துகொள்பவை. நான் உண்மையில் பேச விரும்புவது மறுநாட் காலையைப் பற்றி. புயலுக்கு மறுநாள் ஊருக்குத் தேவைப்படுவது பாண், தண்ணீர், மருந்து, எரிபொருள் ஆகிய நான்கும்தான். எரிபொருள் நிலையத்தின் நிலக்கீழ்த் தாங்கி நிறைய டீசல் இருக்கும், மின்சாரம் இல்லாவிட்டால் பம்பு இயங்காது. பாமசியில் இன்சுலின் இருக்கும். அதை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டும், குளிர்சாதனப் பெட்டியோ நின்றுவிட்டது. பேக்கரியில் மா இருக்கும், மின் அடுப்பு வேலை செய்யாது. விறகுப் போறணையை இடித்துவிட்டு மின் அடுப்பு வைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதைச் சற்று வெட்கத்துடனேயே எழுதுகிறேன். இன்று எமது பக்கத்தில் பழைய போறணை எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா?

அதேவேளை, ஊரில் ஜெனரேட்டர்கள் இல்லாமலும் இல்லை. கல்யாண மண்டபத்தில் ஒன்று, புடவைக்கடையில் ஒன்று, ஐஸ் தொழிற்சாலையில் பெரிதாக ஒன்று. அவை இருக்கும் இடங்களில் அன்று அவசரம் எதுவும் இல்லை. தேவைப்படும் இடங்களில் அவை இல்லை. இதைப் பேசித் தீர்க்க வர்த்தக சங்கத்துக்கு ஒரு மணித்தியாலக் கூட்டம் போதும். எந்த ஜெனரேட்டர் எந்தப் பாமசிக்கு, எந்தப் பேக்கரிக்கு, யாருடைய லொறி தண்ணீர் ஏற்றும், பிரதேச செயலகத்தோடு யார் பேசுவது என்று எழுதி வைத்தால் சரி. (ஜெனரேட்டரைக் கடைக்குள் வைத்து இயக்காதீர்கள். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமில்லாமலே ஆளைக் கொல்லும்.) காற்று திடீரென அடங்கினால் உடனே கடையைப் பார்க்க ஓடவும் வேண்டாம். அது சூறாவளியின் கண்ணாக இருந்தால், சற்று நேரத்தில் மறுபக்கத்திலிருந்து காற்று அதே வேகத்தில் அடிக்கும்.

விலை பற்றியும் வாய்மூடி இருக்க முடியாது. நுவரெலியாப் பாதை மூடப்பட்டால் கரட் விலை ஏறும், அதில் நியாயம் உண்டு. மெழுகுவர்த்திக்கு எந்தப் பாதை மூடப்பட்டது? பழைய விலைக்கு வாங்கி அடுக்கி வைத்த பெட்டியை இருட்டைக் காட்டி இரு மடங்குக்கு விற்பது பதுக்கல் வியாபாரம். மார்க்கம் அதை எப்படிப் பார்க்கிறது என்பதை வெள்ளிக்கிழமை மிம்பரில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமென்றில்லை. வாடிக்கையாளரும் அதை மறப்பதில்லை. 1978இல் தீப்பெட்டியை யார் என்ன விலைக்கு விற்றார் என்பது எனது உம்மாவுக்குக் கடைசி வரை நினைவிருந்தது.

எமது கடைத்தெருவில் இப்படியொரு பட்டியல் தயாரிக்க நான் முயன்றபோது ஜெனரேட்டர் தர மூன்று பேர் உடனே சம்மதித்தார்கள். கேள்வி டீசலில் வந்து நின்றது. பாமசிக்கு நான்கு நாள் இயக்கினால் அந்தச் செலவு பாமசிக்காரருடையதா, சங்கத்துடையதா, பள்ளிவாசல் நிதியிலிருந்து எடுக்கலாமா? இன்னும் முடிவாகவில்லை. ஒக்டோபர் பிறக்கும் முன் இதற்காகவே மீண்டும் கூடுவதாக இருக்கிறோம்.