மரண ரயில் இன்ஜின்களுக்கு எண் உண்டு. மாண்டவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இல்லை

தோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தை ஒட்டியுள்ள யூஷுகான் போர் அரும்பொருளகத்தின் முன்கூடத்தில் ஒரு நீராவி இன்ஜின் நிற்கிறது. கறுப்புச் சாயம் பூசி, துடைத்து, பளபளவென்று வைத்திருக்கிறார்கள். அதன் எண் சி-5631. 1943 அக்டோபர் 25ஆம் தேதி சயாம்-பர்மா ரயில் பாதையின் திறப்பு விழாவில் ஓடிய இன்ஜின் இதுதான். நம் தோட்டப்புறங்களில் அந்தப் பாதைக்கு மரண ரயில் என்று பெயர்.

இந்த இன்ஜின் பிழைத்த கதை சுவாரசியமானது. ஜப்பான் தன் கிராமத்துக் கிளைப் பாதைகளுக்காக 1930களில் சி-56 வகையில் 160 சிறிய இன்ஜின்களைக் கட்டியது. போர் வந்ததும் முதல் 90 இன்ஜின்களின் சக்கர அகலத்தை இங்குள்ள ஒரு மீட்டர் தண்டவாளத்துக்கு ஏற்ப மாற்றிக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். போருக்குப் பிறகு 46 இன்ஜின்கள் தாய்லாந்து ரயில்வேயின் கைக்கு வந்தன. பல ஆண்டுகள் சாதாரண ரயில்களை இழுத்தன. டீசல் வந்தபின் பெரும்பாலானவை பழைய இரும்புக்குப் போய்விட்டன.

தப்பியவை சில. அவற்றில் இரண்டு 1979இல் ஜப்பானுக்குத் திரும்பின. சி-5631ஐ மீட்டுக் கொண்டுபோனவர்கள், அந்தப் பாதையில் வேலை பார்த்த முன்னாள் ஜப்பானிய ராணுவத்தினர். மற்றொன்றான சி-5644, ஷிசுவோகா மாநிலத்தின் ஓயிகாவா ரயில் பாதையில் சுற்றுப்பயணிகளை இழுக்கும் வேலைக்குப் போனது. 2007இல் ஜப்பான்-தாய்லாந்து உறவின் 120ஆம் ஆண்டுக்காக அதற்குத் தாய்லாந்து ரயில்வேயின் வண்ணம் பூசினார்கள். பின்னர் சிவப்புச் சாயம் அடித்து, முன்னால் ஒரு முகத்தையும் பொருத்தி, தாமஸ் கார்ட்டூனில் வரும் ஜேம்ஸாக ஓடவிட்டார்கள். அதைப் பார்த்துக் கையசைக்கும் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. இன்ஜின் மீதும் குற்றமில்லை.

தாய்லாந்திலும் சிலவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கஞ்சனாபுரி பாலத்து நிலையத்தில் ஒன்று காட்சிக்கு நிற்கிறது. பேங்காக்கின் தோன்புரி பணிமனையில் இரண்டு இன்றும் ஓடக்கூடிய நிலையில் உள்ளன. பாதையின் மறுமுனையான தன்பியூசாயாட்டில், பர்மா பக்கத்திலும் ஒன்று உண்டு. எது எங்கே போனது, எது உடைக்கப்பட்டது என்று இன்ஜின் ஆர்வலர்கள் எண் வாரியாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பாதையைப் போட்ட மனிதர்களின் கணக்கு இப்படி இல்லை.

415 கிலோமீட்டர் பாதை. வேலை 1942இல் தொடங்கி அடுத்த ஆண்டே முடிந்தது. நேசநாடுகளின் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். 12,000க்கும் அதிகமானோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களோ ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மதிப்பீடுதான்; ஆளுக்கு ஆள் அந்த எண் மாறும். மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000க்கும் மேல் என்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள்.

ஜப்பான் காலத்தில் ரப்பருக்குச் சந்தை இல்லை. தோட்டங்களில் வேலை இல்லை, அரிசியும் இல்லை. நல்ல கூலி, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் முதலில் ஆள் சேர்த்தார்கள். ஆள் குறைந்தபோது, தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போட்டுக் கேட்டார்கள். அதுவும் போதாமல் பிடித்துக்கொண்டு போனார்கள். மலாக்கா-தம்பின் தண்டவாளமும் கிழக்குக்கரைப் பாதையின் பெரும்பகுதியும் பெயர்த்தெடுக்கப்பட்டன. இரும்பும் ஆளும் வடக்கே போன காலம் அது. பான்போங்கில் இறங்கியவர்களைக் காட்டுக்குள் நாள்கணக்கில் நடத்தியே கூட்டிப்போனார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது.

போர்க்கைதிகளிடம் அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். யார் எப்போது இறந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்று ஒளித்தாவது எழுதி வைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளைக் கொண்டு கல்லறைகளைத் தேடி எடுத்தார்கள். இன்று கஞ்சனாபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கப்படுகின்றன. 1998இல் ஆஸ்திரேலியா தன் செலவில் ஹெல்ஃபயர் கணவாயில் அருங்காட்சியகம் திறந்தது. தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு மருத்துவர் இல்லை. பட்டியல் எழுத ஆளும் இல்லை. பெண்டு பிள்ளைகளோடு போன குடும்பங்கள் அங்கேயே முடிந்துபோயின. குழிகளில் போட்டு மூடினார்கள், அல்லது எரித்தார்கள்.

ஆக, எது மரபுச் சின்னமாகிறது என்பதை வரலாற்றின் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. கேட்பதற்கு யார் இருந்தார்கள், கையில் என்ன ஆவணம் இருந்தது என்பதே முடிவு செய்கிறது. ஜப்பானிய வீரர்களுக்குச் சங்கம் இருந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்களுக்கு அரசாங்கம் இருந்தது. உயிரோடு திரும்பிய நம்மவர்களுக்குக் காத்திருந்தது மறுபடியும் பால்மரம்தான். பின்னால் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. செம்பனையும் வீடமைப்புத் திட்டமும் வந்தன. லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்து, "இவர் அப்பாவும் சயாமுக்குப் போனவர்" என்று சாட்சி சொல்லக்கூடிய குடும்பங்கள் ஊருக்கு ஒன்றாகச் சிதறிப்போயின. நினைவை நீண்ட காலம் தாங்கியது எழுத்தாளர்கள்தான்: ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இல்லையென்றால் பலருக்கு இது தெரிந்தே இருக்காது.

2023இல் கஞ்சனாபுரியில் உள்ள புத்த ஆலய வளாகம் ஒன்றில், மலேசியத் தமிழர்களின் முயற்சியால் தமிழ்த் தொழிலாளர்களுக்கு நடுகல் எழுப்பப்பட்டது. எண்பது ஆண்டுகள் கழித்து வந்தாலும் பெரிய காரியம். ஆனால் நடுகல் எல்லோருக்கும் பொதுவானது. அதில் வெட்டத்தக்க பெயர்ப்பட்டியல் நம்மிடம் இன்னும் இல்லை.

பட்டியல் சாத்தியமே இல்லை என்று விட்டுவிடுவதும் சரியல்ல. முழுப் பட்டியல் ஒருபோதும் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் ஐந்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று 85ஐத் தாண்டிவிட்டது. அவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்கள் சில பழைய அலுவலகங்களில் கிடக்கக்கூடும். பல வீடுகளில் தாத்தாவுக்குத் திதி கொடுக்கவே நாள் தெரியாது; சயாமுக்குப் போனார், வரவில்லை என்பதோடு பேச்சு நின்றுவிடும். தோட்டத்தின் பெயர், ஆளின் பெயர், கூடப் போனவர் யார் என்ற மூன்றையும் வீட்டில் பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதினால் தொடங்குவதற்குப் போதும். ஆலய நிர்வாகங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் தோட்டவாரியாக அதைச் சேர்க்கலாம். அதற்குப் பெரிய பணம் தேவையில்லை. 1979இல் ஓர் இன்ஜினைக் கப்பலேற்றிக் கொண்டுபோக ஆன செலவில் சிறு பங்குகூட ஆகாது.