காசு நம்மளது, பொருள் அவங்களது

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன். ஆனா போன வாரம் நடந்த ஒரு விஷயம் வயித்தெரிச்சலைக் கிளப்பி விட்டுடுச்சு. யார்கிட்டயாவது கொட்டலேன்னா தூக்கம் வராது. நீங்க மாட்டிக்கிட்டீங்க.

மேட்டர் இது தான். அம்மாவோட போன் உப்பிடுச்சு. ஆமாங்க, பூரி மாதிரி. பின்பக்க மூடி ஒரு ஓரமா எழும்பி நிக்குது, ஆன் ஆக மாட்டேங்குது. பேட்டரி போயிடுச்சுன்னு எல்.கே.ஜி. பையன் கூட சொல்லிடுவான். வாங்கி மூணு வருஷம் தான் ஆகுது. மத்தபடி ஒரு கீறல் கிடையாது. அம்மா எதையும் அப்படித் தான் வச்சுப்பாங்க.

அந்த போன்ல தான் அப்பாவோட குரல் இருக்கு. ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அம்மாவுக்கு அனுப்பின பன்னெண்டு வாய்ஸ் மெசேஜ். பேக்கப்னா என்னன்னு அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்ச எனக்கு எடுத்து வைக்கத் தோணலை. அந்தத் தப்பு என்னோடது தான், ஒத்துக்கறேன்.

ஸ்ரீரங்கத்துலேர்ந்து பஸ் பிடிச்சு டவுனுக்குப் போனேன். கம்பெனி பேரு வேணாம். ஏசி, டோக்கன், டை கட்டின தம்பி, எல்லாம் இருந்தது. போனைத் திருப்பிக் கூடப் பார்க்கலை.

"சார், இந்த மாடலுக்கு ஸ்பேர் வர்றது நின்னுடுச்சு. எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கோங்க. இதுக்கு 1,200 ரூபாய் கழிச்சுக்கலாம்."

"பேட்டரி தானேங்க மாத்தணும்?"

"கம்பெனி பாலிசி சார்."

"இதுக்குள்ள இருக்கறதெல்லாம்?"

"பேக்கப் எடுக்கலையா சார்?"

அந்தத் தம்பி மேல எனக்குக் கோபமே இல்ல. பாவம், மாசம் இத்தனை போன் விக்கணும்னு அவர் கழுத்துல யாரோ கத்தி வச்சிருப்பாங்க.

அங்கேர்ந்து நேரா தெப்பக்குளம் பக்கம் ஒரு சந்து. ஆறடிக்கு நாலடி கடை. பாய் போனை வாங்கி ஒரு பார்வை பார்த்தார். சூடு காட்டி, மெல்லிசா ஒரு தகடு விட்டு மூடியைப் பிரிச்சார். உள்ளே பேட்டரியைப் பசை போட்டு அப்பி வச்சிருக்கான். அதைக் கிழிக்காம, குத்தாம எடுக்கறதுக்குள்ள அவருக்கு வேர்த்துடுச்சு. முக்கால் மணி நேரம். 850 ரூபாய். போன் உயிரோட வந்துடுச்சு.

முதல் வேலையா ஒரே ஒரு மெசேஜை மட்டும் போட்டுப் பார்த்தேன். "மோட்டாரை ஆஃப் பண்ணியா?"ன்னார் அப்பா. பாய் சட்டுனு அந்தப் பக்கம் திரும்பி ஏதோ ஸ்க்ரூ தேட ஆரம்பிச்சுட்டார்.

கிளம்பும்போது கேட்டேன், "ஒரிஜினல் பேட்டரியா பாய்?"

"ஒரிஜினல்னு சத்தியம் பண்ண மாட்டேன் தம்பி. கம்பெனி எனக்குக் குடுத்தாத் தானே? கிடைச்சதுல நல்ல சரக்கு இது. உப்புச்சுன்னா எடுத்துட்டு வாங்க."

எனக்கு வயிறு எரிஞ்சது இங்க தான். வேலை தெரிஞ்ச மனுஷன். நேர்மையான மனுஷன். ஆனா நல்ல பாகம் அவர் கைக்கு வராது. வராதபடி பண்ணிட்டு, அதே கம்பெனிங்க நமக்குப் புத்தி சொல்லும்: "வெளியில குடுக்காதீங்க, போலி பார்ட்ஸ் போட்டுடுவாங்க." அடேய், நீ ஒரிஜினலை வித்தா அவர் ஏன்டா போலி போடப் போறார்?

"பேட்டரியை ஒட்டி வைக்கறது உங்க பாதுகாப்புக்குத் தான்" அப்படின்னு ஒரு பாட்டு இருக்கு. சரி, பாதுகாப்பையே பேசுவோம்.

பழைய ஆளுங்களுக்கு 2007 ஆகஸ்ட் ஞாபகம் இருக்கும். நோக்கியாவோட பிஎல்-5சி பேட்டரி சூடாகி உப்பலாம்னு கம்பெனியே அறிவிச்சுது. மட்சுஷிடா தயாரிச்ச 4.6 கோடி பேட்டரி. நம்ம ஊர்ல ஒரே பீதி. ஆனா தீர்வு என்ன? நகத்தால மூடியைத் தள்ளி, பேட்டரியை எடுத்து நம்பரைப் பார்த்து, அந்த வரிசையில இருந்தா இலவசமா வேற வாங்கிக்கலாம். போன் நம்ம கையை விட்டுப் போகவே வேணாம்.

இப்ப 2016க்கு வாங்க. சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடிச்சுது. பேட்டரியைக் கழட்ட முடியாத போன். அதனால சுமார் 25 லட்சம் போனை முழுசா திரும்பக் கூப்பிட்டாங்க. மாத்திக் குடுத்ததும் எரிஞ்சுது. அக்டோபர்ல அந்த மாடலையே நிறுத்திட்டாங்க. பேட்டரியில கோளாறு, குப்பைக்குப் போனது முழு போன். எதுங்க பாதுகாப்பு?

"தண்ணி உள்ள போகாம இருக்கத் தான் ஒட்டறோம்" அடுத்த பாட்டு. அதே சாம்சங் 2014ல விட்ட கேலக்ஸி எஸ்5, ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும்னு விளம்பரம் பண்ணின போன். அதுல பின்மூடியைக் கழட்டி பேட்டரியை நாமே மாத்தலாம். பத்து வருஷத்துக்கும் முன்னாடி முடிஞ்சது இப்ப ஏன் முடியாது? முடியும். லாபம் வராது, அவ்ளோ தான்.

ஆப்பிள் ரசிகர்கள் சிரிக்க வேணாம். 2017 டிசம்பர்ல உங்க கம்பெனி என்ன ஒத்துக்கிச்சு? பேட்டரி பழசான ஐஃபோன்களோட வேகத்தை சாஃப்ட்வேர் மூலமா குறைச்சோம்னு. காரணம், திடீர்னு அணைஞ்சு போகாம இருக்கவாம். இருக்கட்டும், காரணம் நிஜமாவே இருக்கட்டும். ஏன் முன்னாடியே சொல்லலை? சொல்லியிருந்தா ஜனங்க பேட்டரி மாத்தியிருப்பாங்க. சொல்லாததால போன் கிழடாயிடுச்சுன்னு புதுசு வாங்கினாங்க. மாட்டினப்புறம் மன்னிப்புக் கேட்டு, 79 டாலர் பேட்டரியை 29 டாலருக்குக் குடுத்தாங்க. 2020ல பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டுது. இத்தாலி 2018லயே ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் சேர்த்தே போட்டுடுச்சு.

அதே ஆப்பிள் தான் ஐஃபோன் 4 காலத்துல அஞ்சு இதழ் பூ மாதிரி ஒரு புது தினுசு ஸ்க்ரூவைப் போட ஆரம்பிச்சுது. அப்ப சாதாரணக் கடைகள்ல அதுக்கு டிரைவர் சுலபமா கிடைக்கலை. ஸ்க்ரூவை எதுக்குங்க மாத்தணும்? நீ திறக்கக் கூடாது, அதுக்குத் தான். இன்னிக்கு ஸ்ரீபெரும்புதூர்ல நம்ம தமிழ்நாட்டுப் பொண்ணுங்க ஷிஃப்ட் போட்டு ஐஃபோன் பூட்டறாங்க. நம்ம பொண்ணு பூட்டலாம், நம்ம பாய் திறக்கக் கூடாது. நல்லா இருக்குல்ல நியாயம்?

எங்க ஊர் பழுது பார்க்கற ஊருங்க. பொன்மலை ரயில்வே பட்டறை 1928லேர்ந்து இங்க இருக்கு. ஊட்டி மலை ரயிலோட நீராவி எஞ்சின்களைப் பிரிச்சு மேஞ்சு ஓட விட்டது மட்டுமில்ல, புதுசாவே செஞ்சும் குடுத்தாங்க. எங்கப்பா அங்க தான் ஃபிட்டர். வீட்டுல மிக்ஸி, ரேடியோ, தையல் மெஷின் எதுவும் வெளியில போனது கிடையாது. ஞாயித்துக்கிழமை ஆனா திண்ணையில பழைய வேட்டியை விரிச்சு எதையாவது பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பார். அவர் குரலை வச்சிருந்த பொருளை அவராலயே திறந்திருக்க முடியாதுன்னு நினைச்சா சிரிப்பா வருது. சிரிப்பு மட்டும் இல்ல.

சரி, அரசாங்கம் என்ன பண்ணுது? கார் விஷயத்துல ஒரு தடவை சாட்டையை எடுத்தாங்க. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிக்கு சுமார் 2,545 கோடி அபராதம் போட்டுது. குத்தம் என்ன? வெளி மெக்கானிக்குக்கு ஸ்பேர் பார்ட்ஸும் விவரமும் குடுக்காம தடுத்தது. பாய் சொன்ன அதே கதை! அப்புறம் வழக்கம் போல மேல்முறையீடு, இழுவை. மொபைலுக்கு 2022ல ஒரு கமிட்டி, அதே டிசம்பர்ல ஒரு போர்ட்டல், 2025ல பழுது பார்க்கற வசதிக்கு மார்க் போடணும்னு ஒரு அறிக்கை. கம்பெனியைக் கட்டிப் போடற சட்டம் தான் வந்தபாடில்லை.

ஐரோப்பாவுல 2025 ஜூன் 20லேர்ந்து விதி என்ன தெரியுமா? புதுசா விக்கற ஸ்மார்ட்போனுக்கு, அந்த மாடல் விற்பனை நின்ன பிறகும் ஏழு வருஷம் முக்கிய பாகங்கள் கிடைக்கணும். அங்க குடுக்கறதும் இதே கம்பெனிங்க தான். இங்க மூணே வருஷத்துல "ஸ்பேர் நின்னுடுச்சு சார்." பெர்லின்காரன் காசு தான் காசா, ஸ்ரீரங்கத்துக்காரன் காசு கிளிஞ்சலா?

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. ஓசியில சரி பண்ணித் தர வேணாம். ஒரிஜினல் பாகத்தை நியாயமான விலையில யார் கேட்டாலும் வில்லு. எப்படிப் பிரிக்கறதுன்னு எழுதிக் குடு. வேற கடையில மாத்தினா சாஃப்ட்வேரை விட்டு மிரட்டாத. இந்த மூணு போதும், மீதியை எங்க பாய் பார்த்துப்பார்.

நம்ம பக்கமும் தப்பு இருக்கு. கேமரா எத்தனை மெகாபிக்சல்னு மணிக்கணக்கா அலசறோம். "இதுக்கு எத்தனை வருஷம் பேட்டரி கிடைக்கும்?"னு கடையில ஒருத்தனாவது கேக்கறோமா? அடுத்த தடவை கேளுங்க. பதில் இல்லேன்னா அந்த மாடலை விடுங்க. ஸ்பேர் இல்லேன்னு கையை விரிச்சா எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, 1915க்கு போன் போட்டு நுகர்வோர் புகார் பதியுங்க. நான் பதிஞ்சுட்டேன். ஒண்ணும் நடக்காதுன்னு சொல்றவங்க பின்னூட்டத்துல வந்து திட்டலாம். ஆனா புகார் நம்பர் வாங்கிட்டு வந்து திட்டுங்க.

டிஸ்கி: அம்மா போனை பேக்கப் எடுத்தாச்சு. ரெண்டு இடத்துல. நீங்களும் இன்னிக்கே எடுத்துடுங்க.