ஒரே பெயர், இரண்டு பலகைகள்

மில்லிக்கனில் எமது அயலில் வசிக்கும் தாயொருவர் சென்ற மாதம் ஒரு வினாவோடு வந்தார். பாடசாலை வழியில் மகளைச் சில பிள்ளைகள் தள்ளி விழுத்துகிறார்களாம். தற்காப்புக் கலை பயிற்ற வேண்டும். "சேர், ரெண்டு இடத்திலயும் டைக்குவாண்டோ எண்டுதான் பலகை போட்டிருக்கு. எதில விடுறது?"

பெயர் ஒன்றாயினும் பாணி இரண்டு. ஒன்று, 1973இல் சியோலில் தோன்றிய உலக அமைப்பினுடையது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியானது இதுவே. மார்புக்கும் தலைக்கும் கவசம் அணிந்து, பெரும்பாலும் காலாலேயே புள்ளி தேடுவர். முகத்திற் குத்துதல் குற்றம். மற்றையது, 1966இல் உருவான சர்வதேச சம்மேளனத்தினுடையது. இதிற் கையுறை அணிந்து முகத்தை நோக்கியும் குத்தலாம்.

இரண்டாவதன் கதை எம்மவர் அறியவேண்டியது. மாணவராக யப்பானிற் கராத்தே பயின்ற கொரியத் தளபதி சொய் ஹொங் ஹி அதன் நிறுவனர். தம் நாட்டு ஆட்சியாளரோடு முரண்பட்டு 1972இல் கனடாவுக்கு வந்த அவர், சம்மேளனத்தின் தலைமையகத்தையும் ரொறன்ரோவுக்குக் கொணர்ந்தார். மறு ஆண்டே சியோலில் மற்றைய அமைப்பு எழுந்தது. பின்னர் கலையை வடகொரியாவுக்குக் கொண்டுசென்றதால் தெற்கில் அவர் பெயர் கசந்தது. 2002இற் பியொங்யாங்கிற் காலமானார். அவரது பாணியின் 24 அசைவுக் கோவைகளுட் பல கொரிய வரலாற்று மாந்தரின் பெயர் தாங்கியவை. 1909இல் இதோ ஹிரோபுமியைச் சுட்ட ஆன் ஜுங் குன்னின் பெயரிலான கோவையில் 32 அசைவுகள். தூக்கிலிடப்பட்டபோது, கொரிய வழக்கில் எண்ணிய அவரது வயது அது.

பதக்கம் வேண்டுமாயின் முதலாவது பாணியே வழி. வீதியில் தள்ளுபவனோ விதி பார்ப்பதில்லை; முகத்தை நோக்கி வரும் கையைத் தடுத்துப் பழகியிருத்தல் நன்று. ஆகவே இரண்டாவதையே பரிந்துரைத்தேன். நாடிழந்தவர் மீதுள்ள பரிவும் என் தீர்ப்பிற் கலந்திருந்ததை மறைப்பதற்கில்லை. பழைய விரிவுரையாளனுக்கு வரலாறு கண்டால் வாய் மூடாது.

எனினும் ஒன்றை வற்புறுத்தினேன்: பணம் கட்டுமுன் இரு வகுப்புகளையும் ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். அடிபட்ட பிள்ளையை ஆசிரியர் எவ்வாறு நடத்துகிறார்? பட்டித் தேர்வுக்குத் தனிக் கட்டணமா? ஓராண்டு ஒப்பந்தத்தில் ஒப்பமிடச் சொல்கிறார்களா? இரவுவேலைச் சம்பளத்திற் குடும்பம் நடத்துவோர்க்கு இது சிறிய விடயமன்று.

தாயும் மகளும் போய்ப் பார்த்தனர். மகள் முதலாவதையே தேர்ந்தாள். அங்கேதான் உயர உதைக்கிறார்களாம்.