பன்மைத்துவப் பட்டியலில் சாதி எங்கே?

ஓசூர், பெங்களூரு நிறுவனங்களின் வேலை அறிவிப்புகளில் இப்போது 'பன்மைத்துவம்' என்ற சொல் அடிக்கடி தென்படுகிறது. பெண்களுக்கு முன்னுரிமை, மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை என்கிறார்கள். வரவேற்கிறோம். சாதியைப் பற்றிக் கேட்டால் மட்டும், "நாங்கள் சாதி பார்ப்பதில்லை" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

உண்மையிலேயே பார்ப்பதில்லையா? சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. தனியார் வேலை விளம்பரங்களுக்குச் சமமான தகுதி கொண்ட விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் அனுப்பப்பட்டன, மொத்தம் 4,808. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67தான். படிப்பில் குறையில்லை. பெயர்தான் குறையாகப் பட்டது.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லையே என்று கேட்கலாம். முகவரியில் 'காலனி' இருந்ததே! அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025-இல் முதல்வர் அறிவித்தார். நல்லது. ஆனால் "யார் சொல்லி வந்தாய்?" என்ற கேள்வியை எந்த ஆவணத்திலிருந்து நீக்குவது? உள்ளே இருப்பவர் தன் சொந்தக்காரரைப் பரிந்துரைக்கிறார். நம் பிள்ளைக்கு உள்ளே சொந்தக்காரர் இல்லை. வரலாற்று ஏற்றத்தாழ்வு இப்படித்தான் இன்றைய நேர்காணல் அறைக்குள் வந்து உட்காருகிறது.

தருமபுரியில் இது வாழ்வா சாவா என்ற கேள்வி. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கிக் கொளுத்தப்பட்டன. நிலமில்லாத மக்கள் பெங்களூரு போன்ற நகரங்களுக்குப் போய் உழைத்துக் கட்டிய வீடுகள் அவற்றில் இருந்தன. ஊரில் நிலமும் இல்லை, அரசு வேலையும் அரிது என்றானபோது நமக்குத் திறந்திருந்த ஒரே வழி வெளியூர்த் தனியார் வேலை. அந்த வழியிலும் சாதி நின்றால் நாம் எங்கே போவது?

"முன்னோர் செய்ததற்கு இன்றைய முதலாளி ஏன் பொறுப்பேற்க வேண்டும்?" என்கிறார்கள். யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. முன்னோர் விட்டுச்சென்ற நிலம், படிப்பு, தொடர்பு எல்லாம் வாரிசுரிமையாக வந்து சேரும்போது, அதன் கணக்கு மட்டும் வராது என்பது என்ன நியாயம்?

2006-இல் தனியார் துறை இடஒதுக்கீடு பற்றிய விவாதம் சூடுபிடித்தபோது, சட்டம் வேண்டாம், நாங்களே முன்வந்து செய்கிறோம் என்றன தொழில்துறை அமைப்புகள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அமெரிக்காவில் 2025 ஜனவரியில் ஆட்சி மாறியதும் பல பெருநிறுவனங்கள் பன்மைத்துவத் திட்டங்களைச் சுருக்கிக்கொண்டன. நல்லெண்ணம் காற்றடிக்கும் பக்கம் சாயும். சட்டம் அவ்வளவு எளிதில் சாயாது. தனியார் கல்லூரிகளில் இடஒதுக்கீடு வழங்க அரசியலமைப்பின் 15(5) பிரிவு இடம் தருகிறது. படிக்கும் இடத்துக்குப் பொருந்தும் நியாயம், வேலை செய்யும் இடத்துக்கு ஏன் பொருந்தாது?

நமது கோரிக்கை எளிது. சிப்காட் நிலமும் அரசு மானியமும் பெறும் நிறுவனங்கள், எந்தப் பதவியில் எந்தச் சமூகத்தினர் எத்தனை பேர் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அருந்ததியர், பழங்குடியினர் எண்ணிக்கை தனியே தெரிய வேண்டும். துப்புரவுப் பணியாளர்களைச் சேர்த்து எண்ணி மொத்தக் கணக்கு காட்டக் கூடாது. பொறியாளர், மேலாளர், ஆளெடுக்கும் அதிகாரி இடங்களில் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். அந்தக் கணக்கின் மேல்தான் இடஒதுக்கீட்டுச் சட்டத்தை எழுப்ப முடியும்.

மாணவத் தோழர்களே, உங்கள் கல்லூரிக்கு ஆளெடுக்க வரும் நிறுவனத்திடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், அமைப்பாகக் கேளுங்கள். கற்பி, ஒன்றுசேர், போராடு.

ஜெய்பீம்!