மே 12-க்குக் கேக் வேண்டாம், குறிப்பேட்டின் நகல் போதும்
விருத்தாசலம் வட்டாரச் செவிலியர்களின் கோரிக்கைச் சாசனம்

இது சூளைகளின் ஊர். சுட்டெடுத்த பொம்மையில் விரிசல் கண்டால், மண் சரியில்லையா, ஈரம் காயவில்லையா, சூடு சீராக ஏறவில்லையா என்று பார்த்த பிறகே இங்கே குறை சொல்வார்கள். எங்கள் பணியை எடைபோடும் ஆண்டுக் குறிப்பேட்டில் அந்த விசாரணைக்கு இடமில்லை. ஆள் குறைந்த வார்டில் இரவெல்லாம் ஓடியவருக்கும் ஆள் நிறைந்த வார்டில் இருந்தவருக்கும் ஒரே படிவம்தான்.

தேவ் தத் என்ற எல்லைச் சாலைப் பொறியாளரின் இதுபோன்ற ஆண்டுக் குறிப்பேட்டில் ‘நன்று’ என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கு ‘மிக நன்று’ தேவைப்பட்டது. எழுதியதை அவருக்குச் சொல்லவேயில்லை. அவர் வழக்கில் 2008 மே 12 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியரைப் பற்றிய ஒவ்வொரு பதிவையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. 2013-ல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. மே 12 உலகச் செவிலியர் நாளும்கூட.

ஆகவே அரசையும் மருத்துவமனை நிர்வாகங்களையும் கோருகிறோம்:

1. மதிப்பீட்டின் நகலை 15 நாட்களுக்குள் எங்கள் கையில் தர வேண்டும். நாங்கள் இடும் கையெழுத்து ‘பெற்றுக்கொண்டேன்’ என்பதற்கு மட்டுமே.

2. பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு 1 செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. அதை மீறிய பணிநாட்களையும் நைட் டூட்டிகளையும் படிவத்திலேயே குறிக்க வேண்டும்.

3. எங்கள் வேலையை நேரில் பார்த்தவரே மதிப்பிட வேண்டும். மேல்முறையீட்டுக்கு, மூத்த செவிலியர் ஒருவர் இடம்பெறும் குழு வேண்டும்.

4. பிரசவ விடுப்பும் சங்கப் பணியும் மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது.

5. மதிப்பீடு நியாயமாக இருந்ததா என்று ஆண்டுதோறும் எங்களைக் கேட்க வேண்டும். இதற்கான அளவுகோலை ஆய்வாளர் கோல்க்விட் 2001-லேயே நான்கு கூறுகளாக வகுத்துவிட்டார். அதைத் தமிழில் கேட்டால் போதும்: உழைப்புக்கு ஏற்ற மதிப்பெண்ணா? எல்லோருக்கும் ஒரே முறையா, மறுத்துப் பேச இடம் இருந்ததா? மரியாதையாக நடத்தினார்களா? காரணம் சொன்னார்களா? பெயர் கேட்காமல், மேற்பார்வையாளர் கைபடாமல், வெளியார் மூலம் கேட்க வேண்டும். 10 பேருக்குக் குறைந்த பிரிவுகளைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் விடையை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். முடிவுகளை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

6. தொகுப்பூதியச் செவிலியர்களுக்கும் தனியார் மருத்துவமனைச் செவிலியர்களுக்கும் இவை பொருந்த வேண்டும். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் பணி நிரந்தரம் கேட்டுத் திரண்டவர்கள் தொகுப்பூதியச் செவிலியர்களே. நிரந்தரமில்லாதவருக்கு ஒரு மோசமான குறிப்பு, வேலைக்கே உலை வைக்கும்.

இந்த ஆறில் சம்பள உயர்வு எதுவும் இல்லை. காகிதமும் நேர்மையும்தான் செலவு. அடுத்த மே 12 அன்று கேக் வெட்டி வாழ்த்த வருபவர்கள், எங்கள் குறிப்பேட்டின் நகலோடு வாருங்கள்.