பகிடியும் வதையும்

கிரிக்கெட் என்றால் எங்கள் வீட்டில் நானும் உட்கார்ந்துவிடுவேன். மாவனல்லையில் பாதி வீடுகளில் அப்படித்தான். அடுப்பில் கறி கொதித்தாலும் கடைசி ஓவர் முடியாமல் யாரும் எழும்ப மாட்டோம். அண்மையில் பிள்ளைகள் பழைய போட்டிகளின் காட்சிகளைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2016 ஜனவரி 4ஆம் திகதி, அவுஸ்திரேலியாவின் ஹோபார்ட் மைதானத்தில் நடந்த பிக் பாஷ் போட்டி அது. மேற்கிந்தியத் தீவுகளின் கிறிஸ் கெயில் மெல்பேர்ன் ரெனகேட்ஸ் அணிக்காக ஆடி, ஆட்டமிழந்து வெளியே வருகிறார். டென் தொலைக்காட்சியின் மெல் மெக்லாக்லின் ஒலிவாங்கியோடு காத்திருந்து, அவரது துடுப்பாட்டத்தைப் பற்றிக் கேட்கிறார். வந்த பதிலோ அவரது கண்களைப் பற்றியது. அந்தக் கண்களைப் பார்க்கத்தான் பேட்டிக்கு வந்தாராம். வென்றால் பிறகு இருவரும் சேர்ந்து குடிக்கப் போகலாமாம். வெட்கப்பட வேண்டாமாம். நாடே பார்த்துக்கொண்டிருந்த நேரடி ஒளிபரப்பு. தான் வெட்கப்படவில்லை என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த கேள்விக்குப் போனார். கலையகத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவருடைய சொந்த நிறுவனத்தின் டுவிட்டர் கணக்கே கெயிலை மெச்சி ஒரு பதிவு போட்டு, பிறகு அதை அழித்தது.

அடுத்த நாள் கெயில் சொன்னது, அது வெறும் பகிடி என்று. மனம் நொந்திருந்தால் மன்னிக்கவும் என்றார். கழகம் 10,000 அவுஸ்திரேலிய டொலர் அபராதம் விதித்தது. மெக்லாக்லின் மன்னிப்பை ஏற்றுக்கொண்டு, இதை விட்டுவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். ஆனால் நெரோலி மெடோஸ் என்ற இன்னொரு விளையாட்டு ஊடகவியலாளர் வாயைத் திறந்தார். கெயில் பெண் நிருபர்களிடம் இப்படி நடந்துகொள்வது இது முதல் தடவை அல்ல என்றார்.

ஒரு பகிடிக்கு இவ்வளவு ஆரவாரமா என்று அப்போது கேட்டவர்கள் ஏராளம். அந்தக் காட்சியை இன்னொரு தடவை பார்த்தால் தெரியும். அந்தப் பெண் கேட்டது ஆட்டத்தைப் பற்றி. அது அவருடைய தொழில். அந்தத் தொழிலை அவர் கையிலிருந்து பறித்து, எல்லோரும் பார்த்து ரசிக்கும் பொருளாக அவரை ஆக்கியதுதான் நடந்தது.

இலங்கைத் தமிழில் நமக்கு ஒரு சொல் இருக்கிறது, பகிடிவதை. கடுகண்ணாவை ஏற்றம் ஏறினால் வரும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில், பொறியியல் பீட மாணவர் செல்வநாயகம் வரப்பிரகாஷ் 1997இல் பகிடிவதைக்கு ஆளாகிச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். மறு வருடம் 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அந்தச் சொல்லில் முதலில் பகிடி, பிறகுதான் வதை. வதைக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு யாரும் ஆரம்பிப்பதில்லை. பகிடி என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எல்லை தாண்டிய பிறகும் பெயர் மட்டும் பகிடியாகவே இருந்துவிடுகிறது.

இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. என் ராத்தாவின் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே விளையாட்டுச் செய்தியில் பைத்தியம். சில வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகைக்குப் பகுதிநேரமாக எழுதக் கிடைத்தது. வாப்பாவைக் கூட்டிக்கொண்டு உதைபந்தாட்டப் போட்டிகளுக்குப் போவாள். முதல் போட்டியில் ஏற்பாட்டாளர் ஒலிபெருக்கியிலேயே, “நிருபர் தங்கச்சி வந்திருக்கிறாங்க, இன்டைக்குக் கோல் போடாட்டி வெக்கம்” என்றார். மைதானமே சிரித்தது. இவளும் சிரித்தாள். அடுத்த போட்டியில் பயிற்றுநரிடம் அணி விபரம் கேட்டாள். “தங்கச்சிக்கு ஓஃப்சைட் தெரியுமா?” என்று சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். மூன்றாவது தடவை, “மாப்பிள்ளை பார்க்கவா வந்தீங்க?” அதுவும் வாப்பா பக்கத்தில் நிற்கும்போது.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லி அழுதாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பகிடிக்குத்தானே மகள், மனசுல எடுக்காதீங்க.” நான்காவது போட்டிக்கு அவள் போகவில்லை. பத்திரிகையிலிருந்து ஏன் என்று கேட்கவும் இல்லை.

ஓஃப்சைட் தெரியுமா என்ற கேள்வி மாவனல்லையில் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. 2011 ஜனவரி 22ஆம் திகதி இங்கிலாந்தின் ஸ்கை ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தில் அன்டி கிரே, ரிச்சர்ட் கீஸ் என்ற இரு பிரபல வர்ணனையாளர்கள், சியன் மெசி என்ற பெண் துணை நடுவரைப் பற்றி, பெண்களுக்கு ஓஃப்சைட் விதி தெரியாது என்று தமக்குள் பேசிச் சிரித்தது ஒலிப்பதிவாகி வெளியே வந்தது. அன்றைய வொல்வ்ஸ் - லிவர்பூல் போட்டியில் லிவர்பூலின் கோலுக்கு முன் மெசி எடுத்த தீர்மானம் சரியானது என்பது காணொளியில் தெளிவாகத் தெரிந்ததுதான் வேடிக்கை. அதன் பிறகு, கிரே தன்னோடு வேலை செய்த ஒரு பெண் தொகுப்பாளரிடம் கூசும்படி பேசிய இன்னொரு காட்சியும் வெளியானது. கிரேயை வேலையிலிருந்து நீக்கினார்கள். கீஸ் தானே விலகினார். அவர்களுடைய விளக்கத்திலும் பகிடி என்ற சொல் இருந்தது.

இதையெல்லாம் விட மோசமானது அமெரிக்காவில் லீசா ஒல்சனுக்கு நடந்தது. 1990 செப்டெம்பரில் ‘பொஸ்டன் ஹெரல்ட்’ பத்திரிகைக்காக, நியூ இங்லண்ட் பேட்ரியட்ஸ் அணியின் உடைமாற்றும் அறையில் ஒரு வீரரைப் பேட்டி கண்டுகொண்டிருந்தபோது, வேறு சில வீரர்கள் ஆடையின்றிச் சூழ்ந்து நின்று ஆபாசமாகப் பேசினார்கள். அங்கே பெண்ணுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அந்த நாட்டில் போட்டி முடிந்ததும் பேட்டி அங்கேதான் நடக்கும். பெண் நிருபர்களை வெளியே நிறுத்துவது சட்டவிரோதம் என்று 1978இல் நியூயோர்க் நீதிமன்றம் ஒரு பேஸ்பால் வழக்கில் தீர்ப்பும் அளித்திருந்தது. என்னைக் கேட்டால், ஆணோ பெண்ணோ எந்த நிருபரும் அந்த அறைக்குள் போகத் தேவையில்லை. வீரர்கள் உடுத்திக்கொண்டு வெளியே வந்து பேசலாம். அது வேறு விடயம். அவர்கள் செய்ததற்கு அது சாட்டு ஆகாது. விசாரணை நடந்தது, அபராதமும் விதித்தார்கள். ஆனாலும் அடுத்த வருடம் அணியின் உரிமையாளர் விக்டர் கயாம், ஒரு விருந்தில் இதே விடயத்தை வைத்து ஆபாசமாக ஒரு பகிடி விட்டார். ஒல்சனுக்கு மிரட்டல்கள் வந்தன. கடைசியில் நாட்டை விட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போனது அவர்தான்.

பகிடியையும் வதையையும் எப்படிப் பிரிப்பது? பதிலுக்கு இவள் ஒன்று சொல்ல முடியுமா என்று பாருங்கள். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் இதே கதைதான். தராசு யார் கையில் இருக்கிறதோ அவர் விடும் பகிடிக்கு மற்றவர்கள் சிரித்துத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அரைப்பேர் விழுந்துவிடுமோ என்ற பயம். நிருபரும் அப்படித்தான். வீரர் பேசினால்தான் அவருக்குச் செய்தி. முகத்தைத் திருப்பினால் அடுத்த பேட்டி கிடைக்காது. அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுப்பது பெரிய அநியாயம். சூரா ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் பரிகாசத்தைத் தடுக்கும்போது ஆண்களுக்கு ஒருமுறையும் பெண்களுக்குத் தனியாக ஒருமுறையும் சொல்வதை நாம் கவனிக்க வேண்டும். பெண்களைப் பார்த்துச் சிரிப்பதில் பெண்களும் சேர்கிறோம். நான் சேர்ந்தேனே.

நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995இல் திருத்தப்பட்டபடி, சொல்லாலோ செயலாலோ பாலியல் ரீதியாகத் தொல்லைப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. ஐந்து வருடம் வரை சிறை. வேலைத்தளத்தில் அதிகாரத்தில் இருப்பவர் செய்யும் விரும்பப்படாத நெருக்குதலையும் அது சொல்கிறது. ஆனால் “ஓஃப்சைட் தெரியுமா?” என்று நாள்தோறும் குத்துவது அதில் அடங்காது. அதைத் தடுக்க வேண்டியது வேலைக்கு அனுப்பிய நிறுவனம்தான். பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பும் ஆசிரியர், அங்கே என்ன நடந்தது என்று திரும்பி வந்ததும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் திகதி, இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர்கள் யார் என்பதை அன்றே எழுதிவைக்கச் சொல்லுங்கள். பெண்களுக்கான 1938 என்ற உதவி இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனையும் கேட்கலாம்.

அந்த ஏற்பாட்டாளரைப் போன மாதம் பஸ் நிலையத்தில் கண்டேன். கெட்ட மனிதர் அல்ல. ஸலாம் சொல்லி, ராத்தாவின் மகள் இப்பவும் பத்திரிகைக்கு எழுதுறாவா என்று விசாரித்தார். இல்லை என்றேன். நல்லா எழுதினா, ஏன் விட்டாங்க என்றார். நான் சொன்னேன், மூன்று போட்டியிலும் நடந்ததை ஒன்று விடாமல். அவருக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “அது பகிடிக்குத்தானே தாத்தா சொன்ன” என்றார்.